எல்லைக் கல்லில் ஒரு தேங்காய்

போன மாதம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது என் வயதுக்காரர்கள் சிலர் பழைய திருவிழாக்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் ஒரு ஈ காக்கை ஊரைவிட்டு வெளியே போகாது, அப்பேர்ப்பட்ட கட்டுப்பாடு, இப்போது யாரிடம் இருக்கிறது அந்தப் பயபக்தி என்றார் ஒருவர். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நான் எழுந்துபோய் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தேன்.

உங்களில் பலரும் அந்த மாதிரி ஊர்களில் பிறந்தவர்கள்தான். உங்களுக்கும் அந்தக் கட்டுப்பாட்டின் மேல் பெருமை இருக்கலாம். இருக்கட்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், கோத்துச் சொல்ல வராது. பார்த்ததைச் சொல்கிறேன். அம்மனைக் குறை சொல்கிறேன் என்று மட்டும் யாரும் நினைக்கவேண்டாம். இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை அவளுக்கு விளக்குப் போடாமல் என் வாயில் தண்ணீர் படாது. என் அருவருப்பெல்லாம் அவள் பேரைச் சொல்லி ஆட்டம் போட்டவர்கள் மேல்தான்.

எங்கள் ஊர் குன்றக்குடிக்கும் காரைக்குடிக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அறுபதுகளின் கடைசி. நான் நாலாம் வகுப்பு. அப்பாவுக்குக் கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் வயல் இருந்தது. அதைவிட நிறைய பெரியப்பாவுக்கு. பெரியப்பா அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், ஊருக்கு அம்பலம். கோயிலில் முதல் மரியாதை அவருக்கு, ஊர்க்கூட்டத்தில் கடைசி வார்த்தையும் அவருக்கு. அவர் முன்னால் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டு வீடும் அடுத்தடுத்து. அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

பங்குனியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டுகிற அன்று ஊருக்குள் இருக்கிறவர்கள், திருவிழா முடிந்து காப்பை அவிழ்க்கிற வரைக்கும் வெளியூரில் இராத்தங்கக் கூடாது. பகலில் போகலாம், வரலாம். விளக்கு வைப்பதற்குள் எல்லைக் கல்லைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட வேண்டும். எல்லைக் கல் என்பது ரோட்டுக்குப் போகிற பாதையில், ஒற்றைப் பனைக்கு அடியில் நட்டிருந்த மஞ்சள் பூசிய கல். அந்த வருஷம் அப்பா தீச்சட்டி எடுக்கிறதாக நேர்ந்து, கையில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தார். அம்மா முளைப்பாரி போட்டிருந்தாள்.

எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். நாலு வயசு. பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா பயறும் மொச்சையும் ஊறப்போட்டுச் சட்டியில் எருவும் மண்ணும் நிரப்பி விதை தூவியபோது, தனக்கும் பாரி வேண்டும் என்று காலை உதறிக்கொண்டு அழுதாள். அம்மா ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மண் போட்டு நாலு பயறு தூவிக் கொடுத்தாள். பாரி இருட்டில்தான் வளரவேண்டும் என்பதால் பாப்பா அதைக் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பெரிய பாரிக்குப் பெண்கள் கையால் தண்ணீர் தெளிப்பார்கள். இவள் வாய் நிறைய தண்ணீரை வைத்துக்கொண்டு, குப்புறப் படுத்து, புஸ்ஸென்று ஊதுவாள். பாதித் தண்ணீர் அவள் சட்டையில்தான். தினமும் அதற்கு என்னிடம் அடி வாங்குவாள். வாங்கிக்கொண்டு மறுபடியும் ஊதுவாள்.

காப்புக் கட்டிய பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பிறகு கழுத்து இரண்டு பக்கமும் வீங்கிக்கொண்டு வந்தது. பெரியம்மா வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, இது பொன்னுக்கு வீங்கி, பொன்னைப் போட்டால் தானாக வடிந்துவிடும் என்றாள். உங்களுக்குத் தெரிந்ததுதான், அந்த வீக்கத்துக்குத் தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போடுவது நம் பக்கத்து வழக்கம். அம்மாவின் சங்கிலி மெல்லிசு. பெரியம்மா தன் கழுத்திலிருந்த கனத்த சங்கிலியைக் கழற்றிப் பாப்பா கழுத்தில் போட்டாள். தெருவே பார்த்தது. பெரியம்மாவின் மனசு யாருக்கு வரும் என்று பேசிக்கொண்டார்கள். வீங்கின கழுத்தில் அந்தச் சங்கிலி அமுங்கிக் கிடந்தது. பாப்பா அதைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தாள். கழற்றக் கூடாது என்று கையைத் தட்டிவிட்டார்கள்.

அவள் மூச்சில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. அழுகின பூத்தண்ணீர் மாதிரி. குடித்த தண்ணீர் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. கட்டிலுக்கு அடியைக் காட்டி, தன் பாரிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி என்னிடம் சைகை காட்டினாள். குரல் வரவில்லை. அம்மாதான் முதலில் பயந்தாள். திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில், இனி ஒரு நிமிஷம் வைத்திருக்க மாட்டேன் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டாள். அப்பா பெரியப்பாவிடம் கேட்டுக்கொண்டு வந்தார். பொழுதோடு திரும்பிவிடு என்று உத்தரவானது. என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை, எல்லாரும் கோயில் வேலையில் இருந்தார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு கரண்டிக் காம்பை நாக்கில் அழுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தார். அம்மாவையும் பார்க்கச் சொன்னார். உள்ளே சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி படர்ந்திருந்ததாக அம்மா பிற்பாடு சொல்லியிருக்கிறாள். இது பொன்னுக்கு வீங்கி இல்லை, தொண்டை அடைப்பான், இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று அப்பாவைத் திட்டினார். இப்போதே படுக்கையில் சேர்க்கவேண்டும், மூச்சு அடைத்தால் தொண்டையில் துளை போட ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும், ஊசி மருந்தை மதுரையிலிருந்து வரவழைக்க உடனே சொல்லிவிடுகிறேன் என்றார். அப்பா கையிலிருந்த மஞ்சள் கயிற்றைத் தடவிக்கொண்டே நின்றார்.

வெளி வராந்தாவில் வைத்து அம்மாவும் அப்பாவும் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பினாயில் வாடை. பெஞ்சில் யாரோ ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"நாளைக் கழிச்சுக் கொண்டாந்து சேர்த்துருவோம். ஒரே ஒரு நாள்தானே" என்றார் அப்பா.

"டாக்டர் சொன்னது காதுல விழுகலையா உங்களுக்கு?"

"ராத்தங்க முடியாது. தெரியும்ல."

"நீங்க போறீகளா, போங்க. போயிச் சட்டி எடுங்க. நான் பிள்ளையோட இருந்துக்கிறேன். குத்தம் வந்தா எனக்கு வரட்டும்."

"நீ மட்டும் தங்கினா எல்லாரும் சும்மா இருப்பாகளா? அம்பலம் வீட்டுப் பொம்பளையே காப்பை மீறிட்டான்னு பேச மாட்டாகளா? அண்ணன் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சை எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஆத்தா என்ன சொல்லுவாளோ என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால், பக்தியில் கண் மறைத்துவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அண்ணன் என்ன சொல்லுவார் என்றுதான் சொன்னார்.

டாக்டர் போகாதீர்கள் என்று வாசல் வரைக்கும் வந்து சொன்னார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா பிள்ளையை அவள் தோளிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பிள்ளை போகிற பக்கம்தானே தாய் போவாள். கையில் ஒரு பாட்டிலில் சிவப்பு மருந்து. பஸ்ஸில் அப்பா ஜன்னல் வழியாகச் சூரியனையே பார்த்துக்கொண்டு வந்தார். எல்லைக் கல்லைத் தாண்டியதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை, பொழுதோட வந்துட்டோம்" என்றார்.

விடிகிற நேரம், கோயிலில் கொட்டுச் சத்தம் ஆரம்பித்தபோது, பாப்பா அம்மா மடியிலேயே போய்விட்டாள். மூச்சுக்கு ஏங்கின ஏக்கத்தைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

அம்மா வாயைத் திறந்தாள். அந்தச் சத்தம் வெளியே வருவதற்குள் பெரியம்மா பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் பாப்பாவின் கழுத்துச் சங்கிலியின் கொக்கியைத் தேடினாள். ஒரு கையால் கழற்ற வரவில்லை. அம்மாவின் வாயிலிருந்து கையை எடுத்து, இரண்டு கையாலும் கழற்றி, முந்தானையில் துடைத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு மறுபடியும் வாயைப் பொத்தினாள்.

பெரியப்பா நிலைப்படியில் வந்து நின்றார். நெற்றி நிறைய திருநீறு, நெஞ்சில் சந்தனம். அம்மா அவரிடம் நேரே பேசுகிற வழக்கமில்லை, பெரியம்மாவிடம்தான் சொன்னாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவை சத்தம் போட்டு அழுதுக்கிறேன்னு சொல்லுங்க. ஒரு தடவை."

"ஊரு கூடியிருக்கு தாயி" என்றார் பெரியப்பா. "வெளியே தெரிஞ்சா தீட்டு. சட்டி எடுக்க முடியாது, பாரி கரைக்க முடியாது. வந்த சனமெல்லாம் வயித்தெரிச்சலோட திரும்பும். பொழுது சாயட்டும். பாரியைக் கரைச்சதும் நல்லா அழுதுக்க."

நல்லா அழுதுக்க. பண்டம் வாங்கித் தருகிறேன் என்று குழந்தையிடம் சொல்கிற மாதிரி. அப்பாவின் பக்கம் திரும்பி, சட்டி எடுக்கிறாயா இல்லையா என்று கேட்டார். அப்பா குளிக்கப் போனார்.

நான் கேட்கிறேன், செத்த வீட்டுத் தீட்டோடு அம்மன் சன்னிதிக்குச் சட்டி தூக்கிப் போனாரே, அது அவளுக்குத் தெரியாதா? ஊருக்குத் தெரியாமல் இருந்தால் போதும், அவளை ஏய்த்துவிடலாம் என்றுதானே நினைத்தார்கள். இதற்குப் பெயர் பயபக்தியா? அவளைக் கல் என்று உண்மையாகவே நம்பினவர்கள் அவர்கள்தான்.

அன்றைக்குப் பகல் முழுக்க அம்மா உள்ளறையில் பாப்பாவோடு இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. கோயிலில் கிடா வெட்டி முடிந்ததும் பெரியப்பா வீட்டு விருந்தாளிகள் அங்கே இடம் போதாமல் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் இலை போட்டார்கள். கறிக்குழம்பின் வாடையும், எலும்பை உறிஞ்சுகிற சத்தமும், ஏப்பமும், இன்னும் கொஞ்சம் ஈரல் வை என்கிற அதட்டலும். பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லையாமே என்று ஓர் அம்மாள் விசாரித்தாள். பெரியம்மா கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டே, "இப்பத்தான் கண்ணசந்துருக்கு. கதவைத் திறக்காதீக, முழிச்சுக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். எப்படிச் சிரிக்க முடிந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அம்மாவுக்கு என்று ஓர் இலையில் சோறும் கறியும் வைத்து என்னிடம் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். அந்த வாடைக்கு ஈ வந்தது. அம்மா ஒரு கையால் பாப்பா முகத்துக்கு மேல் விசிறிக்கொண்டே இருந்தாள். இன்னொரு கையால் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் வைத்திருந்தாள். பொழுது சாய்ந்த பிறகு பார்த்தேன், அந்த முந்தானை கடிபட்டு நார் நாராகியிருந்தது. அன்றிலிருந்து எனக்குக் கறி இறங்குவதில்லை. சாமிக்கு நேர்ந்து விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்வேன்.

சாயந்தரம் பாரி கிளம்பியது. ஊரிலேயே அம்மாவின் பாரிதான் செழிப்பாக வளர்ந்திருந்தது. பெரியம்மாவின் மகள் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு போனாள். கும்மி கொட்டி, குலவை போட்டு, ஊருணியில் கரைத்தார்கள். அதற்குப் பிறகு பெரியப்பா வந்து கதவைத் திறந்தார்.

"இனி அழுகலாம் தாயி" என்றார்.

அவருக்குப் பின்னாலேயே பெண்கள் வந்தார்கள். பட்டுச்சேலையும் தலை நிறைய கனகாம்பரமும் வாயில் கறிவாடையுமாக வந்து, வரிசையாக உட்கார்ந்து, தலையை விரித்து, ஆத்தா ஆசைப்பட்டுல்ல எடுத்துக்கிட்டா என்று ராகம் போட ஆரம்பித்தார்கள். ஒருத்தி அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். அம்மா அவள் கையை எடுத்து விட்டாள். குரல் உயரவே இல்லை.

"சத்தம் போடாதீக. பிள்ளை தூங்குதுன்னு நீகதானே சொன்னீக."

பெரியம்மா, துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள். பாப்பாவை அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போனார்கள். சிரட்டை நினைவு வந்து நான் கட்டிலுக்கு அடியில் தேடினேன். விருந்துக்கு இடம் ஒதுக்கியபோது யாரோ எடுத்து எறிந்திருக்கிறார்கள். எச்சில் இலையோடு குப்பையில் போயிருக்கும். முளைத்ததா இல்லையா என்று நான் பார்க்கவே இல்லை.

அடுத்த வருஷத் திருவிழாவில் கோயிலில் அப்பாவுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். பிள்ளை போன அன்றும் சட்டியைக் கீழே இறக்காதவன் என் தம்பி என்று பெரியப்பா மைக்கில் சொன்னார். முதல் வருஷம் மூச்சுவிடக் கூடாது என்று மறைத்த சாவு, அடுத்த வருஷம் மேடையில் பெருமையாகிவிட்டது. அப்பா குனிந்து தலையைக் கொடுத்தார். பிறகு வருஷா வருஷம் கொடுத்தார். அம்மா கோயிலுக்குப் போவாள், சாமி கும்பிடுவாள், அங்கே யார் கையாலும் திருநீறு வாங்கமாட்டாள். தரையில் சிந்திக் கிடப்பதைத் தொட்டு இட்டுக்கொள்வாள்.

சில வருஷம் போனது. நான் தாவணி போட்டிருந்தேன். பெரியப்பா மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். காப்புக் கட்டி ஊரெல்லாம் தோரணம் தொங்குகிற சமயத்தில் வலி எடுத்தது. பிள்ளை திரும்பிக் கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஒரு கார் வந்தது. மகளோடு பெரியப்பா, பெரியம்மா, மாப்பிள்ளை எல்லாரும் காரைக்குடிக்குப் போனார்கள். அன்றைக்கு இரவு அங்கேயே தங்கினார்கள். ஊரில் யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் நானும் அம்மாவும் வயலிலிருந்து புல்லுக்கட்டோடு வருகிறோம். ஒற்றைப் பனைக்கு அடியில் கார் நிற்கிறது. பூசாரி எல்லைக் கல்லில் ஒரு தேங்காயை உடைத்தார். மஞ்சள் தண்ணீரை எல்லார் தலையிலும் தெளித்து, வாங்க என்றார். அவ்வளவுதான். பேரன் பிறந்த சந்தோஷத்தில் பெரியம்மா காரிலிருந்து கையை நீட்டி, எங்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் சீனி கொடுத்தாள். கார் ஊருக்குள் போய்விட்டது.

அம்மா பூசாரியைக் கேட்டாள். "இது எப்பவுமே உண்டா?"

"எங்க அப்பன் காலத்துலயிருந்து உண்டு தாயி. பிரசவம், நோய்நொடின்னா ஒரு தேங்காயை உடைச்சு உள்ள கூப்பிட்டுக்குவோம். ஆத்தாளுக்குத் தெரியாத கஷ்டமா?"

"அம்பலத்துக்கு இது தெரியுமா?"

பூசாரி தாம்பாளத்தைக் கழுவுகிற மாதிரி குனிந்துகொண்டார். "தெரியாம எப்படி" என்றார்.

அம்மா கையிலிருந்த சீனியைப் பாதையோரம் உதறினாள். புல்லுக்கட்டை இறக்கி வைத்தாள். எல்லையில் உடைத்த தேங்காயை யாரும் தொடமாட்டார்கள், வீட்டுக்குள் கொண்டுவரவும் கூடாது. அம்மா ஒரு மூடியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து பருப்பைத் தோண்டி மாட்டுக்குப் போட்டாள். சிரட்டையில் மண்ணை நிரப்பி நாலு பயறு தூவினாள். கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். பிறகு வாய் நிறைய தண்ணீரை வைத்துக்கொண்டு, தரையில் குப்புறப் படுத்து, புஸ்ஸென்று ஊதினாள்.

அப்பா அப்போதுதான் உள்ளே வந்தார். கட்டிலுக்கு அடியில் என்ன என்று கேட்டார்.

"எல்லைக் கல்லுல உடைச்சது" என்றாள் அம்மா, எழுந்திருக்காமலே. "உங்க அண்ணன் ராத்தங்கிட்டு, பொழுது விடிஞ்சு வந்து உடைக்க வச்சாரு. ஒரு தேங்காய்."

அப்பா நின்றார். மூலையில் மடித்து வைத்திருந்த பரிவட்டத் துண்டைப் பார்த்தார், சிரட்டையைப் பார்த்தார். வாசலுக்குப் போனார். சாகிற வரைக்கும் அந்தக் கட்டிலில் அவர் படுக்கவில்லை.